வெயில் இருந்தும் இருட்டு ஏன்? இன்வேட்டரை ஆளும் விதிகள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டிச் சற்று நேரத்தில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் மின்மாற்றி ஒன்றின்மீது குரங்கு பட்டதே தொடக்கம் என்று மின்சக்தி அமைச்சர் அன்றே சொன்னார். குரங்குக் கதை உலகம் சுற்றி வந்தது. நாமும் சிரித்து முடித்தோம். ஆனால் கூரையில் சூரியத் தகடு போட்டிருப்பவர்களுக்கு, கரண்ட் நிற்கும் ஒவ்வொரு பகலிலும் எழுகின்ற கேள்வி வேறு:

“வெயில் இப்பிடிக் கொளுத்துது. கூரை முழுக்க சோலார் இரிக்கி. பிறகு என்னத்துக்கு நம்மட பள்ளியிலயும் கரண்ட் இல்ல?”

நியாயமான கேள்வி. பெரும்பாலும் இதற்குக் கிடைக்கும் விடை இரண்டு. “கம்பனிக்காரன் ஏமாத்திட்டான்” என்பது ஒன்று. “சபைக்காரன் வேணுமெண்டு பூட்டி வெச்சிரிக்கான்” என்பது மற்றது. இரண்டும் சரியல்ல. உண்மையான விடை, சுவரில் மாட்டியிருக்கும் இன்வேட்டர் என்ற பெட்டிக்குள் எழுதப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டு விதிகளில் இருக்கிறது. மின்கட்டமைப்பு தடுமாறும் கணத்தில் அந்தப் பெட்டி யாருக்குக் கட்டுப்படும், எப்போது விலகும், எப்போது தானே பொறுப்பேற்கும் என்பதெல்லாம் அந்த விதிகளின் வேலை. ஜமாஅத்தாரின் பணத்தில் சூரியத் தொகுதி வாங்கும் ஒவ்வொரு நிர்வாக சபையும் அவற்றை ஓரளவாவது விளங்கிக்கொள்வது நல்லது.

அலையை வெட்டிச் செய்தல்

சூரியத் தகடும் பற்றரியும் தருவது நேரோட்டம். அது ஒரே திசையில் ஓடும். நமது வீடுகளுக்கு வருவது ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடும். இந்த 50 என்பதே மீடிறன். அதன் அலகு ஹேட்ஸ். 230 வோல்ற்று என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சம் உண்மையில் ஏறத்தாழ 325 வோல்ற்று.

நேரோட்டத்தை ஆடலோட்டமாக்க நான்கு ஆளிகள் போதும். இவை கையால் தட்டும் ஆளிகள் அல்ல, திரான்சிற்றர் வகையைச் சேர்ந்த குறைகடத்திகள். ஒரு சோடியை மூடினால் மின்னோட்டம் ஒரு திசையில் போகும். அதைத் திறந்து மற்றச் சோடியை மூடினால் எதிர்த்திசையில் போகும். செக்கனுக்கு 50 தடவை இப்படி மாற்றிக்கொண்டிருந்தால் ஆடலோட்டம் கிடைத்துவிடும். ஆனால் அது சதுர அலை. மலிவான பழைய இன்வேட்டரில் மின்விசிறி ‘உர்’ரென்று உறுமுவதும், சில சாதனங்கள் சூடேறுவதும் இந்தச் சதுரத்தின் வேலைதான்.

மென்மையான சைன் அலை வேண்டுமானால் ஆளிகள் இன்னும் வேகமாக வேலை செய்ய வேண்டும். பெட்டிக்குள் 400 வோல்ற்று நேரோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளி செக்கனுக்கு 20,000 தடவை திறந்து மூடுகிறது. அலையின் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் 20 மில்லிசெக்கன். ஆகவே ஒரு சுற்றுக்குள் 400 துண்டுகள் விழுகின்றன. இந்தக் கணத்தில் 200 வோல்ற்று தேவையா? அந்தத் துண்டில் பாதி நேரம் மட்டும் மூடு. உச்சமான 325 வேண்டுமா? நூற்றுக்கு 81 பங்கு நேரம் மூடி வை. பூச்சியம் வேண்டுமா? மூடவே வேண்டாம். இவ்வாறு துடிப்பின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் வெட்டிய துண்டுகளைத் தூண்டி, கொள்ளளவி ஆகிய இரண்டின் வழியாகச் செலுத்தினால் கூர்முனைகள் தேய்ந்து வழுவழுப்பான அலை வெளிவரும். இந்த முறைக்குத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயர்.

ஒரே நிரலில் உள்ள மேல் ஆளியும் கீழ் ஆளியும் ஒரு கணம்கூட ஒன்றாக மூடிவிடக் கூடாது. மூடினால் நேரோட்டம் குறுக்கிணைந்து ஆளிகள் எரிந்துபோகும். ஆகவே ஒன்று திறந்தபின் மிகச் சிறியதோர் இடைவெளி விட்டே மற்றது மூடப்படுகிறது. பெட்டிக்குள் எழுதப்பட்ட முதல் விதி இது.

அளந்து திருத்துதல்

அலையைச் செய்வது பாதி வேலை. வெயில் ஏறி இறங்கும், ஒருவர் குளிரூட்டியைப் போடுவார், இன்னொருவர் நிறுத்துவார். இத்தனைக்கும் நடுவில் அலை குலையாதிருக்க வேண்டும். இதற்கான வழி பழையது: வெளியே வருவதை அள, வேண்டியதோடு ஒப்பிடு, வித்தியாசத்துக்கு ஏற்பத் திருத்து. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் ‘கிதாபுல் ஹியல்’ என்ற நூலில் விவரித்த பொறிகளில், நீர்மட்டம் ஏறியதும் தானாக மூடிக்கொள்ளும் மிதவை வால்வுகள் உண்டு. இன்று வுழூச் செய்யும் தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்தும் அதே தத்துவம்தான். இன்வேட்டர் அந்த வேலையைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை செய்கிறது.

பொதுவாக இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். உள்வளையம் மிக வேகமானது. அது மின்னோட்டத்தை அளந்து, இருக்க வேண்டிய அளவுக்கு இழுத்துவரும். வெளிவளையம் மெதுவானது. அந்த அளவு எவ்வளவு என்று தீர்மானிப்பது அதுவே. கூரைத் தொகுதியில் வெளிவளையம் உள்ளே இருக்கும் நேரோட்ட வோல்ற்றளவைக் கவனிக்கும். வெயில் கூடித் தகடு அதிகம் தந்தால் அந்த வோல்ற்றளவு ஏறும். உடனே “இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளு” என்று உள்வளையத்துக்குக் கட்டளை போகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வழமையான திருத்தி, அசையாத இலக்கை நன்றாகப் பிடிக்கும். ஓயாமல் ஆடுகின்ற இலக்கைத் துரத்தும்போது சற்றுப் பின்தங்கிவிடும். இதற்கு உதவியது ரொபர்ட் பார்க் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1929இல் மின்பிறப்பாக்கிகளுக்காக வெளியிட்ட கணித உருமாற்றம். ஓடும் ரயிலைப் பிளட்போமில் நின்று பார்த்தால் அது பறக்கிறது. அதே வேகத்தில் பக்கத்து ரயிலில் இருந்து பார்த்தால் அசையாமல் நிற்கிறது. அதைப்போல அலையோடு சேர்ந்து சுழலும் அச்சிலிருந்து அலையைப் பார்த்தால் அது நிலையான இரண்டு எண்களாகிவிடும். ஒன்று உண்மையான வலுவைக் கட்டுப்படுத்த உதவும். மற்றது வோல்ற்றளவைத் தாங்கும் எதிர்வினை வலுவைக் கட்டுப்படுத்த உதவும். இன்றைய த்ரீ பேஸ் இன்வேட்டர்களில் பரவலாக இருப்பது இந்த முறையே.

பின்பற்றும் இன்வேட்டர்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நமது கூரைகளில் இருக்கும் இன்வேட்டர்களில் பெரும்பாலானவை ‘பின்பற்றும்’ வகையைச் சேர்ந்தவை. விளக்கத்துக்காக ஓர் உவமை சொல்லலாம். ஜமாஅத் தொழுகையில் மஃமூம் தானாக ருகூவுக்குப் போவதில்லை. இமாமின் தக்பீரைக் கேட்டே போகிறார். முந்துவதில்லை, அதிகம் பிந்துவதுமில்லை. இந்த இன்வேட்டரும் அப்படித்தான். மின்சார சபையின் கம்பியில் வரும் அலையை ஓயாமல் கவனித்து, அதன் அவத்தையோடு தன்னைப் பூட்டிக்கொள்கிறது. ‘அவத்தைப் பூட்டு’ எனப்படும் பகுதி, அலை இப்போது எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று உள்வளையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தாளத்துக்கு ஏற்ப மின்னோட்டம் தள்ளப்படும்.

இமாம் இல்லையென்றால்? பின்பற்ற ஒன்றுமில்லை. கம்பியில் அலை நின்றதும் இந்த இன்வேட்டருக்குத் தாளம் இல்லை. வெயில் இருக்கும், தகடு இருக்கும். ஆனால் அலையை உருவாக்கும் விதி அதற்குள் எழுதப்படவில்லை.

இது வெறும் இயலாமையும் அல்ல. ஒரு கடமையும் இதில் உண்டு. சபை ஊழியர் ஒருவர் கம்பம் ஏறி வேலை செய்கிறார். தெருவுக்குக் கரண்ட் இல்லை என்று நம்பியிருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக் கூரை கம்பிக்கு மின்சாரம் ஊட்டினால் அவர் உயிர் போகும். ஆகவே தனித்துவிடப்பட்டதை இன்வேட்டர் தானே கண்டுபிடித்து, 2 செக்கனுக்குள் விலக வேண்டும் என்று சர்வதேசத் தரங்கள் சொல்கின்றன. இதற்கொரு தந்திரம் இருக்கிறது. இன்வேட்டர் இடையிடையே மீடிறனை மெல்லத் தள்ளிப் பார்க்கும். பெரிய மின்கட்டமைப்பு இணைந்திருந்தால் அது அசையாது. கட்டமைப்பு போய்விட்டிருந்தால் மீடிறன் சட்டென்று விலகும். விலகினால் “நான் தனியாக நிற்கிறேன்” என்று விளங்கிக்கொண்டு நின்றுவிடும். பள்ளிவாசலில் கரண்ட் நின்றது யாரோ ஏமாற்றியதால் அல்ல. இன்னொருவரின் உயிருக்கான அமானத்து அதில் இருக்கிறது.

எல்லாரும் ஒன்றாக விலகினால்

ஒரு பெட்டிக்கு நல்லதாக இருக்கும் விதி, இலட்சம் பெட்டிகளுக்கு ஆபத்தாகலாம். ஜேர்மனி இதைக் கண்டது. அங்கே பழைய விதிப்படி, மீடிறன் 50.2 ஹேட்ஸைத் தாண்டினால் சூரிய இன்வேட்டர்கள் உடனே விலக வேண்டும். தொகுதிகள் சில நூறாக இருந்தபோது அது பிரச்சினையாகவில்லை. அவை பெருகியபோது, மீடிறன் அந்த எல்லையைத் தொட்டால் எல்லாம் ஒரே கணத்தில் விலகி, ஐரோப்பிய மின்கட்டமைப்பையே சாய்த்துவிடலாம் என்று பொறியியலாளர்கள் அஞ்சினர். 2012இல் அரசு சட்டம் கொண்டுவந்து, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளின் அமைப்புகளை மாற்றச் செய்தது. எல்லையில் திடீரென்று விலகாமல், மீடிறன் ஏற ஏறப் படிப்படியாக உற்பத்தியைக் குறைப்பது இப்போதைய வழி.

தென் அவுஸ்திரேலியாவில் அச்சம் உண்மையானது. 2016 செப்டெம்பர் 28இல் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. அடுத்தடுத்து வோல்ற்றளவு சரிந்தபோது, பல காற்றாலைகள் தம் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. குறுகிய நேரத்தில் இத்தனை சரிவுகளுக்கு மேல் தாங்காதே என்ற பாதுகாப்பு எல்லை அவற்றின் கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்தது. மின்கட்டமைப்பை இயக்கியவர்களுக்கு அந்த எல்லை முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. மாநிலம் முழுவதும் இருண்டது.

நமது பெப்ரவரி சம்பவத்துக்கும் இதோடு தொடர்புண்டு. பெரிய அனல், நீர் மின்பிறப்பாக்கிகளின் சுழலும் பாகங்கள் பெரும் நிறை கொண்டவை. நுரைச்சோலையில் 300 மெகாவாற்று கொண்ட மூன்று பொறிகள் இருக்கின்றன. இத்தகைய நீராவிப் பொறி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும். எங்காவது உற்பத்தி திடீரென்று குறைந்தால், அந்தச் சுழலும் நிறை தன்னிடமுள்ள சக்தியைக் கொடுத்து மீடிறன் சடாரென்று விழாமல் சில செக்கன் தாங்கும். இதுதான் சடத்துவம். சுமை ஏற்றிய மாட்டு வண்டி மாடு நின்றாலும் கொஞ்சத் தூரம் உருளுமே, அதுபோல. பின்பற்றும் இன்வேட்டரில் சுழல்வது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மின்தேவை குறைவு, வெயில் அதிகம். ஆகவே சூரிய மின்சாரம் பெரும்பங்கு வகித்தது, சுழலும் பொறிகள் குறைவாக ஓடின. இந்தச் சடத்துவக் குறைவால் ஒரு சிறு கோளாறையும் கட்டமைப்பால் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் கூரைத் தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு சபை மக்களைக் கேட்டுக்கொண்டதும் இதே அச்சத்தால்தான்.

பின்பற்றும் இன்வேட்டருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத பெரிய பள்ளியில் கடைசி ஸப்பில் நிற்பவர்களுக்கு இமாமின் குரல் மெதுவாகவே கேட்கும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அசைவார்கள். ஒருவர் பிழைத்தால் வரிசையே குழம்பும். நீண்ட கம்பியின் கடைக்கோடியில் பல இன்வேட்டர்கள் சேர்ந்தால் இதுதான் நடக்கும். சபையின் அலை அங்கே பலவீனம். இன்வேட்டர்கள் தள்ளும் மின்னோட்டமே வோல்ற்றளவை அசைக்கும். அந்த அசைவையே தாளமென்று நம்பி அவத்தைப் பூட்டு தடுமாறும்.

முன்னே வந்து நடத்தும் இன்வேட்டர்

தொழுகையில் இமாமின் வுழூ முறிந்தால் பின்னால் நிற்பவர் ஒருவர் முன்னே வந்து தொழுகையைத் தொடர்வார். ஜமாஅத் கலையாது. இன்வேட்டரிலும் அப்படிப்பட்ட வகை உண்டு. இது அலைக்காகக் காத்திருப்பதில்லை. “வோல்ற்றளவு இது, மீடிறன் இது” என்று தானே அலையை உருவாக்கி நிறுத்தும். இதைக் கட்டமைப்பை உருவாக்கும் இன்வேட்டர் என்கிறார்கள்.

ஒன்றுதான் இருந்தால் கதை சுலபம். பல இன்வேட்டர்கள் ஒரே கம்பியில் ஆளுக்கொரு தாளம் போட்டால் என்னாவது? இதற்குச் சரிவுக் கட்டுப்பாடு என்ற அழகான விதி உண்டு. சுமை கூடக்கூட மீடிறனைக் கொஞ்சம் தாழ்த்து என்பதே அது. சுமையில்லாதபோது 50, முழுச் சுமையில் 49.5 என்று இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே விதி. ஒன்று 5 கிலோவாற்று, மற்றது 10 கிலோவாற்று. மொத்தச் சுமை 9 கிலோவாற்று. ஒரே கம்பியில் இருப்பதால் இரண்டும் ஒரே மீடிறனுக்கு வந்தே தீர வேண்டும். அது 49.7இல் நிற்கும். அப்போது சிறியது 3, பெரியது 6 கிலோவாற்றைச் சுமக்கும். இரண்டும் தத்தம் சக்தியில் நூற்றுக்கு 60. இடையில் பேச்சுக் கம்பி இல்லை, மேலாளர் இல்லை. அவரவர் இயலளவுக்கு ஏற்பச் சுமை தானே பங்காகிவிடுகிறது.

இதற்கு அடுத்த படி, சுழலும் பொறியைக் கணக்கில் நடிப்பது. இல்லாத சக்கரமொன்றின் நிறையைச் சமன்பாடாக எழுதி, மீடிறன் விழும் வேகத்துக்கு ஏற்பப் பற்றரியிலிருந்து உடனே வலுவை விடுவித்தால், கட்டமைப்புக்கு அது உண்மையான சடத்துவம் போலவே இருக்கும். இருண்டு மீண்ட அதே தென் அவுஸ்திரேலியாவில், 2017இல் 100 மெகாவாற்றோடு தொடங்கி 2020இல் 150 ஆக விரிவாக்கப்பட்ட ஹோர்ன்ஸ்டேல் பற்றரி நிலையம், 2022 முதல் இம்முறையில் சடத்துவச் சேவை வழங்குகிறது.

இதற்கும் எல்லைகள் உண்டு. கொடுப்பதற்குச் சக்தி கையில் இருக்க வேண்டும், ஆகவே பற்றரி தேவை. மேலும், குறுக்கிணைப்பு ஏற்படும்போது சுழலும் பொறி தன் வழமையான அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தைச் சற்று நேரம் தரும். குறைகடத்தி அப்படித் தந்தால் எரிந்துபோகும். ஆகவே இன்வேட்டர் தன் அளவுக்குச் சற்று மேலே போனதும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அந்த நிலையிலும் தாளத்தை விடாமல் நடத்துவது எப்படி என்பது இன்றும் ஆய்வாளர்கள் முயன்றுகொண்டிருக்கும் விடயம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

கூரைச் சூரிய மின்சாரத்தைப் பரப்ப 2016இல் ‘சூரியபல சங்கிராமய’ திட்டம் தொடங்கியதிலிருந்து வீடு, கடை, பாடசாலை, பள்ளிவாசல் என்று தகடுகள் பெருகின. பட்டியல் குறையுமா, மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டோம். இனி வேறு நான்கு கேள்விகளும் கேட்க வேண்டும்.

முதலாவது, இது பின்பற்ற மட்டும் தெரிந்ததா, தேவைப்பட்டால் முன்னே வரவும் தெரிந்ததா? பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர்களில் பல, கரண்ட் நின்றதும் தெருக் கம்பியிலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டு, உள்ளிருக்கும் சுமைக்கு மட்டும் தாமே அலையை உருவாக்கும். தெருவுக்கு ஊட்டாததால் கம்பத்தில் இருப்பவருக்கும் ஆபத்தில்லை. பற்றரிக்கான செலவு கூடுதல்தான். எல்லாருக்கும் அது அவசியமும் இல்லை. ஆனால் இல்லையென்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்கி இருட்டில் நின்று கோபப்படுவது வேறு.

இரண்டாவது, எந்தச் சுமையை அது தாங்கும்? மோட்டர் தொடங்கும்போது ஓடும்போதையதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மின்விளக்கும் ஒலிபெருக்கியும் ஓடும், தண்ணீர்ப் பம்பைப் போட்டவுடன் எல்லாம் நிற்கும். மெதுவாகத் தொடங்கவைக்கும் கருவியைப் பம்புக்கு இணைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, எந்த நாட்டு அமைப்பு அதற்குள் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறது? மீடிறன், வோல்ற்றளவு எல்லைகள் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடும். பொருத்துபவர் இவற்றைச் சரியாக இட்டாரா என்று கேட்டு, எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். “அடிக்கடி ட்ரிப் ஆகுது, எல்லையைக் கொஞ்சம் கூட்டி விடுங்க தம்பி” என்று சொல்லி மாற்றுவது, அண்டை வீட்டுச் சாதனங்களோடும் நாட்டின் மின்கட்டமைப்போடும் விளையாடுவதாகும்.

நான்காவது, ஜெனரேட்டரையும் இன்வேட்டரையும் சபைக் கம்பியிலிருந்து பிரிக்கும் மாற்று ஆளி சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா? இதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

தகடுகளை நிறுத்தச் சொல்வது நிரந்தரத் தீர்வாகாது. பகலில் மிஞ்சுவதைப் பற்றரியில் தேக்கி, முன்னே வந்து நடத்தும் விதிகளைக் கொண்ட இன்வேட்டர்களைக் கட்டமைப்பின் முக்கிய இடங்களில் வைத்து, கூரையில் இருப்பவை திடீரென்று விலகாமல் படிப்படியாகக் குறையும்படி விதிகளைத் திருத்தினால், சூரியன் இந்த நாட்டின் மின்சாரத்துக்குச் சுமையாகாது. ஜேர்மனியில் வெயில் மாறவில்லை, தகடும் மாறவில்லை. பெட்டிக்குள் இருந்த சில வரிகளைத்தான் மாற்றினார்கள்.